நூலகப் பணியாளர் படிக்கக் கூடாதுன்னா நூலகம் எப்படி நடக்கும்? நம்ம பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், பதிவாளர் அவர்களுக்கும், சிண்டிகேட் உறுப்பினர்கள் எல்லாருக்கும்,

எஸ்டாபிளிஷ்மெண்ட் செக்‌ஷன்ல இருந்து எங்க நூலகத்துக்கு ஒரு சர்க்குலர் வந்துருக்கு. ஒரே பக்கம்தான். இனிமே நூலகப் பணியாளர் யாரும் பயிற்சி, ஒர்க்‌ஷாப், செமினார்னு வெளிய போறதுக்கு ஓடி (ஆன் டியூட்டி, வேலையில இருந்ததாவே எடுத்துக்குற அனுமதி) கிடையாது, போகணும்னா சொந்த லீவைப் போட்டுட்டு சொந்தக் காசுல போய்க்கணும், அதுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். இது முதல் பத்தி. ரெண்டாவது பத்தியில, மாசாமாசம் நாங்க கொண்டுவந்துக்கிட்டு இருந்த பணியாளர் செய்தி மடலை உடனே நிறுத்தணும்னு இருக்கு. பேப்பர், டோனர் எதுவும் ஸ்டோர்ஸ்ல இருந்து வராது, இணையதளத்துல அதுக்குன்னு இருந்த பக்கத்தையும் எடுத்தாச்சு. காரணம்னு தேடுனா 'நிர்வாக நலன் கருதி'ன்னு மூணே வார்த்தை.

நான் இந்த நூலகத்துல கவுண்டர், கேட்லாகிங், பீரியாடிக்கல்ஸ்னு எல்லா செக்‌ஷன்லயும் உக்காந்து வேலை பாத்த ஆளு. ஃபைல் வழியா எழுதிப் பாத்தோம், நேர்ல வந்தும் கேட்டோம், பாக்கலாம்னு சொல்லி அனுப்புனீங்க, அதுக்கப்புறம் ஒரு வரி பதில் இல்ல. அதனாலதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

ரெண்டு பத்தியும் தனித்தனி விஷயம்னு நிர்வாகம் நினைச்சிருக்கலாம், வெளிய இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். எங்களுக்கு ரெண்டும் ஒண்ணு. எங்க நூலகத்துல யாரு பயிற்சிக்குப் போனாலும், திரும்பி வந்த மாசத்துக்குள்ள அங்க கத்துக்கிட்டதை அரைப் பக்கம் செய்தி மடலுக்கு எழுதிக் கொடுக்கணும், அது எழுதப்படாத சட்டம். நூலகரா இருந்தாலும் சரி அட்டெண்டரா இருந்தாலும் சரி. எல்லாரையும் அனுப்ப பணம் கிடையாது, ஒருத்தர்தான் போக முடியும், அந்த ஒருத்தர் படிச்சது துறை நூலகங்கள்ல தனியா உக்காந்திருக்குற ஆளு வரைக்கும் போய்ச் சேரணும்னா இந்த ஒரு தாளுதான் வழி. நீங்க ஒரே சர்க்குலர்ல வாய்க்காலையும் அடைச்சிட்டீங்க மடையையும் அடைச்சிட்டீங்க.

அந்தத் தாளுல அப்படி என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, பெருசா ஒண்ணும் அலங்காரம் இருக்காது. ஆரம்பத்துல சைக்ளோஸ்டைல்ல ஓட்டுவாங்களாம், நான் வந்தப்ப ஜெராக்ஸ், பின்னாடி பிடிஎஃப் ஆகி வாட்ஸப்ல வந்துச்சு. யாரு புதுசா சேந்தாங்க, யாரு எந்த செக்‌ஷனுக்கு மாறுனாங்க, யாரு தொலைதூரக் கல்வியில எம்.லிப். (நூலக அறிவியல் முதுகலை) முடிச்சாங்க, யாருக்கு பிஎச்.டி. வைவா முடிஞ்சுச்சு, இந்த மாசக் கடைசியில யாரு ரிட்டயர்டு ஆகுறாங்க, எந்த டேட்டாபேஸ் டிரையல் ஆக்சஸ் வந்துருக்கு, எந்த ஊர்ல எப்ப பயிற்சி நடக்குது. ரிட்டயர்டு ஆகி திருமங்கலம், மேலூர் பக்கம் வீட்டோட இருக்குற அண்ணாச்சிகளும் வாங்கிப் படிப்பாங்க, தப்பு இருந்தா போன் போட்டுச் சொல்லுவாங்க. ஒரு அட்டெண்டர் பொண்ணு பி.லிப். பாஸ் பண்ணுனதை அதுல போட்டப்ப, அடுத்த வருஷம் அவங்களைப் பாத்து இன்னும் ரெண்டு பேரு அப்ளிகேஷன் வாங்குனாங்க. அதை நான் கண்ணால பாத்தேன்.

இப்ப வேலைக்கு வர்றேன், ஏன்னா நீங்க கேக்குற கேள்வி 'நூலகத்துல உக்காந்து புக்கு எடுத்துக் குடுக்குறதுக்கு என்னத்துக்குப் பயிற்சி'ங்கிறதுதான். இதை ஒரு அதிகாரி எங்க முகத்துக்கு நேராவே கேட்டாரு.

ஐயா, தமிழ்ப் புத்தகத்தை கம்ப்யூட்டர்ல தேடி எடுக்குறது எப்படின்னு மட்டும் சொல்றேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க. நம்மகிட்ட பழைய கேட்லாக் என்ட்ரி எல்லாம் யூனிகோடு (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) வர்றதுக்கு முன்னாடி இருந்த ஃபான்ட்ல அடிச்சது. ஸ்க்ரீன்ல தமிழாத் தெரியும், உள்ள மெஷின்ல இருக்குறது வேற எழுத்து. அந்த ஃபான்ட் போச்சுன்னா தலைப்பு மொத்தமும் கோழி கிண்டுன மாதிரி ஆயிரும். கோஹாங்கிற நூலக சாஃப்ட்வேருக்கு மாறுனப்ப அதான் நடந்துச்சு. சரின்னு ஒரு கன்வெர்ட்டரைப் போட்டு மாத்துனாங்க, ஸ்க்ரீன்ல அழகா தமிழ் வந்துருச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா ஒரு எம்.ஏ. தமிழ் படிக்கிற பொண்ணு வந்து குறுந்தொகைன்னு அடிச்சா சில பதிப்புதான் வருது, மத்தது வரல. ரேக்ல போய் தமிழ் இலக்கியத்துக்கான வகை எண் 894.811-ல பாத்தா புக்கு எல்லாம் அப்படியே இருக்கு. கேட்லாக்ல தலைப்பை ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்தா அங்கயும் குறுந்தொகைன்னுதான் இருக்கு. ஆனா தேடுனா வராது.

என்ன கோளாறுன்னா, 'தொ'ங்கிற எழுத்துக்கு கொம்பும் காலும் சேந்த ஒரே குறியீடு யூனிகோடுல உண்டு, ஒத்தைக்கொம்பு தனியா துணைக்கால் தனியான்னு ரெண்டு குறியீடாவும் வைக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒரே 'தொ'தான், மெஷினுக்கு வேற வேற. கன்வெர்ட்டர் தனித்தனியாப் போட்டு வச்சிருந்துச்சு, பொண்ணு அடிச்சது சேந்த எழுத்து. நம்ம சிஸ்டம் ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்குற மாதிரி அமைக்கப்படல. இதைக் கண்டுபிடிச்சது எந்த கம்பெனியும் இல்ல, எங்க டெக்னிக்கல் அசிஸ்டண்ட் ஒருத்தர். அவரு ஒரு வாரம் கோஹா ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டு வந்தவரு, ரெகார்டை மொத்தமா வெளிய எடுத்து, குறியீட்டை ஒரே மாதிரி ஆக்கி, திரும்ப ஏத்துறது எப்படின்னு அங்கதான் கத்துக்கிட்டாரு. வந்து செய்தி மடல்ல படிப்படியா எழுதுனாரு. அதைப் படிச்சிட்டு துறை நூலகத்துல இருந்த ரெண்டு பேரு அவங்கவங்க கேட்லாகை தாங்களே சரி பண்ணாங்க. தொல்காப்பியத்துல ஆரம்பிச்சு 'கொ', 'தொ', 'சோ', 'போ' வர்ற எத்தனை தலைப்பு இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. அந்த ஒர்க்‌ஷாப்புக்கு பல்கலைக்கழகம் கொடுத்தது ஓடியும் ரயில் டிக்கெட்டும்தான்.

இனிமே அப்படி ஒருத்தர் போகணும்னா ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) போடணும்னு சொல்றீங்க. வீட்டுல ஆளுக்கு முடியலைன்னா எடுக்குற லீவை பல்கலைக்கழக வேலையைக் கத்துக்குறதுக்கு எடுக்கணுமாம்.

அடுத்து, ஒரே நாடு ஒரே சந்தா திட்டம். 2024 நவம்பர் 25-ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு, 2025, 2026, 2027 மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பெரிய பதிப்பகங்களோட சுமார் 13,000 ஜர்னல் (ஆய்விதழ்), 6,300 அரசு உயர்கல்வி நிறுவனங்கள்ல படிக்கிறவங்க அத்தனை பேருக்கும் இலவசம். 2025 ஜனவரில இருந்து நடைமுறையில இருக்கு. இந்த மாதிரி ஒரு வசதி நம்ம பிள்ளைகளுக்கு இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. உசிலம்பட்டி பக்கத்துல இருந்து பஸ் ஏறி வர்ற, வீட்டுல முதல் பட்டதாரியான ஒரு பிஎச்.டி. பையன் பெரிய ஊரு பல்கலைக்கழகத்துல படிக்கிறவன் படிக்கிற அதே பேப்பரை அன்னைக்கே படிக்கலாம்.

ஆனா நடந்தது என்ன தெரியுமா. அந்தப் பையன் சாயங்கால ஷிஃப்ட்ல கவுண்டருக்கு வந்து ஒரு ஜர்னல் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கான். உக்காந்திருந்தது தொகுப்பூதியத்துல இருக்குற தம்பி, சேந்து கொஞ்ச நாள்தான், யாரும் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல. அவன் பழைய சந்தா லிஸ்டைப் பாத்துட்டு 'நம்மகிட்ட இல்லண்ணே'ன்னு சொல்லிட்டான். பையன் வெளிய போய் யாருகிட்டயோ கார்டு வாங்கி டாலர்ல கட்டி அந்த ஒரு பேப்பரை வாங்குனான். அது புதுத் திட்டத்துல இலவசமா இருந்த ஜர்னல். ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒரு வேலையா என்கிட்ட வந்தப்பதான் இது தெரிஞ்சுச்சு, அவன் கோவப்படக்கூட இல்ல, 'பரவாயில்ல மேடம்'னு சொல்லிட்டுப் போனான், அதைத்தான் என்னால தாங்க முடியல. தம்பி மேல தப்பு இல்ல. வீட்டுல இருந்து ஜர்னல் படிக்க இன்ஃபெட்ங்கிற லாகின் வசதி வழியா எப்படி உள்ள போகணும், எந்தப் பதிப்பகம் திட்டத்துல இருக்கு எது இல்ல, இதையெல்லாம் இன்ஃபிலிப்நெட் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்குற மத்திய மையம்) வெபினார்ல இலவசமாச் சொல்லித் தர்றாங்க. அந்த வெபினார் நடக்குற நேரத்துல தம்பி ஸ்டாக் வெரிஃபிகேஷன்ல ரேக் ரேக்கா நம்பர் பாத்துக்கிட்டு இருந்தான். முன்ன மாதிரி செய்தி மடல் வந்திருந்தா அதுல ஒரு பெட்டிச் செய்தியா வந்திருக்கும், கவுண்டர் கண்ணாடிக்குக் கீழ செருகி வச்சிருப்போம், யாரு உக்காந்தாலும் பாத்துச் சொல்லியிருப்பாங்க.

ஆய்வேட்டுக்கு நகல் சோதனை பண்றதும் எங்க தலையிலதான். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-ல கொண்டுவந்த விதியில, மத்தவங்க எழுத்தோட 10 சதவீதம் வரைக்கும் ஒத்துமை இருந்தா நடவடிக்கை இல்ல, அதுக்கு மேல போனா கட்டம் கட்டமா நடவடிக்கை. அதே விதியில எதையெதைக் கணக்குல சேக்கக் கூடாதுன்னும் இருக்கு, முறையா மேற்கோள் காட்டுனது, துணைநூல் பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, அப்புறம் தற்செயலா ஒத்துப்போற 14 வார்த்தை வரைக்கும். சாஃப்ட்வேர்ல இதையெல்லாம் விலக்குறதுக்கு செட்டிங் இருக்கு, அதை ஆள்தான் போடணும், தானா வராது. செட்டிங் போடாம ஓட்டுனா துணைநூல் பட்டியல் மொத்தமும் சிவப்பா வரும். அப்படி ஒரு ரிப்போர்ட் கையெழுத்தாகி கைடு மேசைக்குப் போயி, அந்தப் பொண்ணு ராத்திரி பூரா அழுதுட்டு காலைல நூலக வாசல்ல வந்து நின்னுச்சு. திரும்ப விலக்குகளோட ஓட்டுனப்ப பத்துக்குக் கீழ வந்துருச்சு. அதுக்கிடையில கைடுகிட்ட திருடின்னு பேரு வாங்கிருச்சு அந்தப் புள்ள. இந்தப் பொறுப்பை எங்க கையில கொடுத்துட்டு, இதைக் கத்துக்க ஒரு நாள் ஓடி கிடையாதுன்னா அது எந்த ஊரு நியாயம்.

கண் பார்வை இல்லாத ஒரு மாணவர் வர்றாரு, நல்லாப் படிக்கிறவர். என்விடிஏன்னு ஒரு ஸ்க்ரீன் ரீடர் இருக்கு, இலவசம், தமிழும் வாசிக்கும். நாம ஸ்கேன் பண்ணி வச்சிருக்குற பழைய வினாத்தாள், ஆய்வேடு எல்லாம் வெறும் படம், அதுக்குள்ள எழுத்து இல்ல, அவரோட மெஷினுக்கு அது வெள்ளைத் தாள். ஓசிஆர் ஓட்டி எழுத்தாக்கிக் குடுத்தா கேட்டுப் படிச்சிக்குவாரு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு அப்புறம் இது நாம இரக்கப்பட்டுச் செய்யுற உதவி கிடையாது, கடமை. இதுக்கு ஒரு பயிற்சிக்கு எங்க ஆளு ஒருத்தர் பேரைக் கொடுத்திருந்தாரு, உங்க சர்க்குலர் வந்ததும் பேரு ரத்து.

இன்னொண்ணு சொல்லணும், இது கம்ப்யூட்டர் விஷயம் இல்ல. எங்க பைண்டிங் பகுதியில இருந்த அட்டெண்டர் அக்கா. பத்தாவது வரைக்கும்தான் படிச்சவங்க. கிழிஞ்ச பக்கத்துக்கு எல்லாரும் செல்லோடேப் ஒட்டுவோம்ல, அது கொஞ்ச வருஷத்துல மஞ்சளாகி, பசை காகிதத்துக்குள்ள இறங்கி, டேப்பு உரிஞ்சு வந்த பிறகும் கறை நிக்கும், எடுக்கவே முடியாது. ஒரு பாதுகாப்புப் பயிற்சிக்கு அக்காவை அனுப்புனோம், அட்டெண்டரை எதுக்கு அனுப்புறீங்கன்னு அப்பவும் கேட்டாங்க. திரும்பி வந்து அக்கா செல்லோடேப் ரோல் எல்லாத்தையும் கவுண்டர்ல இருந்து பொறுக்கி எடுத்துட்டுப் போயிட்டாங்க. மெல்லிசு டிஷ்யூ பேப்பரை நீளவாக்குல கையால கிழிச்சு, கத்திரியால வெட்டக் கூடாதாம், ஓரம் பிசிறா இருந்தாத்தான் பிடிக்குமாம், மாவுப் பசையைத் தண்ணி மாதிரி கரைச்சு பிரஷ்ஷால தொட்டு, கிழிசல் மேல வச்சு, மேல துணி போட்டு எடை வச்சிருவாங்க. காஞ்ச பிறகு ஒட்டுனதே தெரியாது, எழுத்து அப்படியே படிக்கலாம், நாளைக்கு வேணாம்னா ஈரத்தைக் காட்டி எடுத்தும் விடலாம். ராமபாணப் பூச்சி எங்க முட்டை வைக்கும், எந்த ரேக் சுவத்துக்கு ஒட்டி நிக்குது, மழைக்கு எந்த ஜன்னல் ஒழுகும், அத்தனையும் அவங்களுக்கு அத்துப்படி. அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதித்தான் செய்தி மடல்ல அவங்க பேருல போட்டோம்.

அந்த அக்கா இப்ப ரிட்டயர்டு ஆயிட்டாங்க. செய்தி மடல் நின்ன பிறகு வந்த முதல் ரிட்டயர்மெண்ட் அவங்களோடது. எந்தத் தாளுலயும் ஒரு வரி இல்ல. துறை நூலகத்துல இருக்குறவங்களுக்கு அக்கா போனதே பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. அவங்க இடத்துக்கு ஆளும் போடல, போறதுக்கு முன்னாடி யாருக்காவது கத்துக்கொடுக்க ஏற்பாடும் பண்ணல. கவுண்டர்ல திரும்ப செல்லோடேப் வந்துருச்சு.

காரைக்குடி பக்கத்துல கோட்டையூர்ல ரோஜா முத்தையா தன் வாழ்நாள் பூரா சேத்து வச்ச புத்தகம், இதழ், அழைப்பிதழ், நோட்டீஸ் எல்லாம் சேந்து சுமார் ஒரு லட்சம். அவரு 1992-ல இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நாட்டை விட்டுக் கொண்டுபோகாம சென்னையிலயே 1994-ல ஆராய்ச்சி நூலகம் ஆக்குனாங்க. இன்னைக்கு தமிழ் ஆராய்ச்சி பண்ற எல்லாரும் அங்க போறாங்க. அது பிழைச்சது காசால மட்டும் இல்ல, மைக்ரோஃபிலிம் எடுக்க, கேட்லாக் பண்ண, காகிதத்தைக் காப்பாத்த ஆட்களைப் பழக்குனதாலயும்தான். நம்ம பேஸ்மெண்ட்ல கிடக்குற பழைய இதழ்த் தொகுதிகளுக்கும் அந்த மாதிரி கை வேணும்.

நிதி நெருக்கடின்னு சொல்லுவீங்க, தெரியும், சம்பளமே தள்ளித் தள்ளி வந்த மாசம் எல்லாம் நாங்களும் பாத்திருக்கோம், அதனால கண்மூடித்தனமா காசு கேக்கல. ஆனா கணக்கைப் பாருங்க. மத்திய அரசோட ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயம்ல கோர்ஸ் படிக்கக் காசு இல்ல, மும்பை ஐஐடியோட ஸ்போக்கன் டுடோரியல்ல கோஹாவுக்கே தனித் தொடர் இருக்கு, அதுவும் இலவசம். இன்ஃபிலிப்நெட் வெபினாருக்கும் காசு இல்ல. எங்களுக்கு இல்லாதது நேரம். வாரத்துல ஒரு மணி நேரம் டியூட்டிக்குள்ள உக்காந்து படிக்க விட்டாப் போதும், அதுக்கும் இப்ப தடை. செய்தி மடலும் பிடிஎஃப்தான், நோட்டீஸ் போர்டுக்கு ரெண்டு தாள் எடுப்போம். ரெண்டு தாளை நிறுத்துனதுல எந்த நெருக்கடி தீந்துச்சு?

விதிப்படி பாத்தாலும் இந்த சர்க்குலர் நிக்காது. யுஜிசி 2018 ஒழுங்குமுறையில பல்கலைக்கழக உதவி நூலகர் ஊதிய நிலையில லெவல் 10-ல இருந்து 11-க்குப் போகணும்னா 21 நாள் ஓரியன்டேஷன் ஒண்ணு முடிச்சிருக்கணும், ஆட்டோமேஷன், டிஜிட்டலைசேஷன் சம்பந்தமா குறைஞ்சது 5 நாள் பயிற்சியும் வேணும். பதவி உயர்வுக்குப் பயிற்சி கட்டாயம்னு ஒரு கையில சட்டத்தை வச்சிக்கிட்டு இன்னொரு கையால ஓடி கிடையாதுன்னு எழுதுனா, அந்த உதவி நூலகர்கள் என்னதான் செய்வாங்க? பேராசிரியர்கள் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி சென்டர்ல ரெஃப்ரெஷர் வகுப்புக்குப் போறப்ப ஓடி போடுறீங்க, போடணும், அதுல எங்களுக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா உதவி நூலகர்களுக்குக் கீழ நூலக உதவியாளர், டெக்னிக்கல் அசிஸ்டண்ட், தொகுப்பூதியப் பணியாளர்னு இருக்கோமே, எங்களுக்குன்னு எந்த விதியும் கட்டாயப்படுத்தல, அதனாலயே முதல்ல வெட்டுப்படுறது நாங்க. நாக் (கல்லூரி, பல்கலைக்கழகத் தரத்தை மதிப்பிடுற அமைப்பு) குழு வர்றப்ப மட்டும் 6.3-ங்கிற அளவுகோலுக்குக் கீழ ஆசிரியர், ஆசிரியர் அல்லாதோர் ரெண்டு தரப்புக்கும் என்னென்ன பயிற்சி நடத்துனீங்கன்னு கேக்குறாங்கன்னு சொல்லி, யாரு எங்க போனா, போட்டோ இருக்கா, சர்ட்டிபிகேட் இருக்கான்னு ராத்திரி பத்து மணிக்கு போன் வருது. போன தடவை அந்த ஃபைலை நாங்க எதை வச்சு நிரப்புனோம் தெரியுமா, பழைய செய்தி மடலை வச்சுத்தான். வருஷ வாரியா எல்லாம் அதுலதான் இருந்துச்சு. அடுத்த தடவைக்கு எதை வச்சு நிரப்புவீங்க?

ஒவ்வொரு ஆகஸ்ட் 12-ம் தேதியும் எஸ்.ஆர்.ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டு நூலகர் தினம் கொண்டாடுறோம், நீங்களும் வந்து பேசுறீங்க. அவரு யாரு? சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924-ல சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகரா எடுத்தப்ப அவருக்கு அந்த வேலையில பயிற்சி கிடையாது. பல்கலைக்கழகம் என்ன செஞ்சுச்சு, லீவு போட்டுட்டுப் போன்னு சொல்லல, லண்டனுக்கு அனுப்பி வச்சுச்சு. அங்க படிச்சு, ஊர் ஊரா நூலகங்களைச் சுத்திப் பாத்துட்டு 1925-ல திரும்பி வந்தாரு. நூலகத்துக்கான அவரோட ஐந்து விதிகள் 1931, புத்தகங்களை வகைப்படுத்துற கோலன் பகுப்பு முறை 1933, எல்லாம் அதுக்கு அப்புறம்தான். அதுமட்டும் இல்ல, 1929-லயே சென்னையில நூலகப் பயிற்சிப் பள்ளியும் ஆரம்பிச்சாரு, தான் மட்டும் படிச்சாப் பத்தாதுன்னு. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தெரிஞ்சது இன்னைக்கு நம்ம பல்கலைக்கழகத்துக்குத் தெரியாதா என்ன?

நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15-ல திறந்தாங்க, 2 லட்சத்து 13 ஆயிரம் சதுர அடி. நம்ம பிள்ளைக அங்கயும் போறாங்க, போகட்டும், ஊருக்குப் பெருமைதான். ஆனா அங்க போயிட்டு வந்து இங்க நின்னு கேக்குற கேள்விக்கு நாங்க பதில் சொல்லணும்ல. நம்மகிட்ட இருக்குற ஆய்வேடும் பழைய இதழ்த் தொகுதியும் பொது நூலகத்துல கிடைக்காது. அதை எடுத்துக் கொடுக்கத் தெரிஞ்ச ஆளை வளக்குறதுதான் நம்ம வேலை.

அதனால நாங்க கேக்குறது இதுதான்.

அந்த சர்க்குலரை மொத்தமாத் திரும்பப் பெறணும், திருத்தம் போட்டுக் கொஞ்சம் தளர்த்துறோம்னு சொல்றது வேண்டாம். நூலகர்ல இருந்து அட்டெண்டர் வரைக்கும், முக்கியமா தொகுப்பூதியத்துல இருக்குறவங்களையும் சேத்து, ஒவ்வொருத்தருக்கும் வருஷத்துக்கு ஒரு பயிற்சிக்காவது ஓடியோட அனுமதி கொடுக்கணும், யாரு போறாங்கன்னு நூலகத்துலயே முறை வச்சுத் தீர்மானிக்க விடுங்க, ஒவ்வொரு பேருக்கும் எஸ்டாபிளிஷ்மெண்ட் செக்‌ஷனுக்கு ஃபைல் தூக்கிட்டு அலைய வைக்காதீங்க. சர்க்குலர் வந்ததும் பேரு ரத்தான அந்தப் பணியாளரை முதல்ல அனுப்புங்க, அந்த மாணவர் இன்னும் காத்துக்கிட்டு இருக்காரு.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் டியூட்டிக்குள்ளயே ஆன்லைன் பயிற்சிக்குன்னு ஒதுக்கி உத்தரவு போடுங்க, ஷிஃப்ட் மாத்தி மாத்தி நாங்களே கவுண்டரைப் பாத்துக்குவோம், ஒரு வாசகர்கூடக் காத்திருக்க மாட்டாங்க, அதுக்கு நாங்க பொறுப்பு. நகல் சோதனை பண்ற மேசையில உக்காருறவங்களுக்கு மட்டும் தனியா, பயிற்சி முடிச்சாத்தான் ரிப்போர்ட்ல கையெழுத்துன்னு விதி போடுங்க.

ரிட்டயர்டு ஆகப் போறவங்க வேலையை அடுத்த ஆளு பக்கத்துல இருந்து கத்துக்குற மாதிரி முன்கூட்டியே ஆளைப் போடுங்க. பைண்டிங் பகுதிக்கு இப்பவே ஒருத்தரைக் கொடுத்தீங்கன்னா அக்கா வந்து சொல்லித் தரத் தயாரா இருக்காங்க, நான் கேட்டுட்டேன், அவங்களுக்கு பஸ் காசும் மதிப்பூதியமும் கொடுக்க ஒரு உத்தரவு போட்டாப் போதும்.

பணியாளர் செய்தி மடலை வர்ற மாசமே திரும்ப விடணும், இணையதளத்துல எடுத்த பக்கத்தையும் பழைய இதழ்கள் எல்லாத்தோடயும் திரும்ப ஏத்தணும். அதுல வர்றதை முன்கூட்டியே யாரும் வாங்கிப் பாத்துத் திருத்தக் கூடாது, இது வரைக்கும் ஆசிரியர் குழு பாத்துக்கிட்ட மாதிரியே நூலகப் பணியாளர்களே பாத்துக்குவோம்.

நூலகக் குழுவுல எங்க தரப்புல ஒருத்தருக்கு இடம் கொடுங்க, அப்பத்தான் இந்த மாதிரி ஒரு சர்க்குலர் எழுதுறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் கேள்வி கேட்க முடியும்.

இதை அடுத்த சிண்டிகேட் கூட்டத்தோட அஜெண்டாவுல வச்சு, என்ன முடிவெடுத்தீங்கன்னு எழுத்துல எங்களுக்குக் கொடுங்க. அதுக்கு முன்னாடி பேசணும்னா எந்த நாள் கூப்பிட்டாலும் நாங்க வர்றோம், ரிப்போர்ட், ரிஜிஸ்டர், செய்தி மடல் எல்லாத்தையும் கையோட கொண்டு வர்றோம்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக நூலகப் பணியாளர் ஒருவர்
மதுரை